நீளம் ஏன் ஐந்து?

பைத்தான் படிக்கும் பிள்ளைகள் சில மாதங்களில் கேட்பார்கள்: "இது போதுமா, வேலைக்குப் போகலாமா?" லூப், ஃபங்ஷன் எல்லாம் பழகியாயிற்று, சான்றிதழும் வந்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பாடத்தை முடிப்பது வேறு, வேலைக்குத் தயாராவது வேறு என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எந்தப் பாடத்திட்டமும் முழுதாகத் தந்துவிடாது. சொந்தமாக ஒரு கேள்வி வேண்டும். அதை விடாமல் துரத்தவும் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. பைத்தான் 5 என்கிறது. கணினிக்குத் தமிழ் வராது போலும் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். அங்கேயே நிற்பவருக்குத்தான் விஷயம் திறக்கிறது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்துக்கும் தனித்தனி எண் உண்டு. பைத்தான் அவற்றையே எண்ணுகிறது. 2008-இல் வந்த பைத்தான் 3-க்குப் பிறகுதான் இந்தக் கணக்கு. பைத்தான் 2-இல், யுடிஎஃப்-8 கோப்பில் எழுதிய சாதாரணச் சரமாக இருந்தால், அதே சொல்லுக்கு 15 வந்திருக்கும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்.

சரி, நாமே எண்ணுவோம். துணைக்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்க்கச் சில வரிகள் போதும். 'தமிழ்' மூன்றாகிவிடும். 'பக்ஷி' என்று கொடுத்தால் 'க்ஷி' இரண்டாக உடையும். இப்போது விதியைத் திருத்த வேண்டும். திருத்தியதில் பழையது கெடாதிருக்கச் சோதனைகள் எழுத வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் (Git) கருவியில் பதிய வேண்டும். இதே வேலையை முன்பே செய்த ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. அதைத் திறந்து, முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்க வேண்டும். அலுவலகத்தில் பெரும்பாலான நாட்களில் நடப்பது இதுதான். புதிதாக எழுதுவதைவிட, பிறர் எழுதியதைப் படித்து, பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஆராய்ந்து, விடை தெரியாமலேயே பொறுமையாக உட்கார்ந்திருக்கும் நேரம் அங்கே அதிகம்.

இதற்குக் காலம் பிடிக்கும். கணினி அறிஞர் பீட்டர் நார்விக், நிரலாக்கத்தைக் கற்கப் பத்து ஆண்டுகள் என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். சில நாட்களில் கற்றுத்தருவதாகச் சொல்லும் புத்தகங்களுக்கு அது மறுப்பு. அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கல்விக்கடன் தவணை நெருங்கும் வீட்டில் பத்து ஆண்டு யாரால் காத்திருக்க முடியும்? முழுதாகத் தயாரான பிறகே விண்ணப்பிப்பேன் என்று தள்ளிப்போட வேண்டாம். முதல் வேலை டெஸ்டிங்கிலோ சப்போர்ட்டிலோ கிடைத்தாலும் தயங்காமல் சேருங்கள். பிறர் எழுதிய பழைய நிரல் அங்கே நிறைய இருக்கும். அதைப் படிப்பதற்குச் சம்பளமும் தருவார்கள்.