பிடிச்சுத்தான் படிக்கிறியா?

கெங்கவல்லி பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு காலேஜ் பையனிடம், ‘என்ன ஆகப் போறே தம்பி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘சாஃப்ட்வேர் இன்ஜினீயர் சார்’ என்பான். நாம் விடுவோமா? ‘பிடிச்சுத்தான் படிக்கிறியா, இல்லே சம்பளத்துக்காகவா?’ என்போம். பையன் திருதிருவென்று முழிப்பான்.

அப்படிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா?

பிடித்ததைச் செய்து ஜெயித்தவர் என்றால் லினஸ் டோர்வால்ட்ஸைச் சொல்வார்கள். 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர். வயது 21. பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்ததுதான் லினக்ஸ். இன்று நம்மூர் மரவள்ளிக்கிழங்கு வியாபாரியின் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதே லினக்ஸ்தான்.

கதையை இங்கேயே முடித்துவிடுகிறோம். பின்லாந்தில் அவருக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது என்பதைச் சொல்வதே இல்லை.

நம் பையனுக்கு? ஒரு வரம்பு வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் தவணை வாசலில் வந்து நிற்கும். நான் காமர்ஸ் படித்தவன். கடன் உள்ளவன் கணக்கில் ஆசைக்கு முதல் வரி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அப்பா வெயிலில் பட்ட பாடு தன்னோடாவது முடியட்டும் என்று ஒருவன் நினைத்தால், அது மட்டமான லட்சியமா என்ன?

அப்போ, சம்பளம் வந்தால் போதுமா? அதுவும் இல்லை.

தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு மெஷின். புற்றுநோய் சிகிச்சைக்கானது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தே போனார்கள். பெரிய காரணம், சாஃப்ட்வேரில் இருந்த கோளாறு. அந்த புரோகிராமை எழுதியவருக்கு வேலை பிடித்திருந்ததா என்பதா அந்த நோயாளிகளுக்குப் பிரச்னை? சரியாக எழுதி, சரியாகச் சோதித்துப் பார்த்தார்களா என்பதுதானே!

பிடிப்பது, பிடிக்காமல் போவது நம் கையில் இல்லை. கல்யாணம் மாதிரி, பழகப் பழகவும் பிடிக்கலாம். ஒழுங்காகச் செய்வது நம் கையில் இருக்கிறது.

அதனால், கேள்வியை மாற்றுவோம். ‘யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்கா எழுதுவியா தம்பி?’ இதற்கு அவன் முழிக்க வேண்டியதில்லை. நம்மை நாமும் கேட்டுக்கொள்ளலாம்.