பேழையும் நூலும்



வட அயர்லாந்தின் எல்லையோரத்தில், பெர்மானா மாவட்டத்தில், எர்ன் என்னும் ஏரி உண்டு. கரையில் காடுகள், நீர்நடுவே தீவுகள். அவற்றுள் டெவனிஷ் தீவில் 6-ஆம் நூற்றாண்டில் அர்ச். மொலாஷா ஒரு மடத்தை ஸ்தாபித்தார். 837-இல் வைக்கிங் கொள்ளையர் அதைச் சூறையாடினர். 1157-இல் அது தீக்கிரையாயிற்று. படகேறிச் செல்வோர் இன்று காண்பது கூரையற்ற சுவர்களும், சுமார் 25 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரமுமே.

அம்மடத்தார் ஒரு சுவிசேஷ நூலைப் போற்றி வந்தனர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடாதிபதி ஒருவர் அதற்கு வெண்கலமும் வெள்ளியும் கொண்டு ஒரு பேழை செய்வித்தார். சுவிசேஷகர் நால்வரின் அடையாளங்கள் அதன் முகப்பில் உள்ளன. அப்பேழை டப்ளின் பொருட்காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. உள்ளிருந்த நூலோ இல்லை!

பேழை செய்தது பிழையா? அல்ல. அன்புள்ள இடத்தில் அலங்காரமும் உண்டு. ஆனால் பேழையைக் காப்பதே நூலைக் காப்பதாகுமா? நம் வீட்டு அலமாரியில் உறை கலையாமல் இருக்கும் வேதாகமத்தைக் கேளுங்கள்.

அந்த ஏடுகள் மறைந்தும் சுவிசேஷம் மறையவில்லை. பேழைக்குள் வைத்தவர்கள் பிறர் உள்ளத்திலும் அதை வைத்துப் போனார்கள்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் வீட்டின் இளைய பிள்ளை ஓர் அதிகாரம் வாசிக்கட்டும். ஏடு கசங்கினால் கசங்கட்டும்.

உங்கள் பங்குச் சுவாமி