எகிப்தில் ஒரு வாடகை வீடு



கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலி முடிந்து, குடிலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, கேக் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலையில் உங்களில் பலர் வழக்கமான ரயிலில் வழக்கமான நெரிசலில் அலுவலகம் போயிருக்கிறீர்கள். டிசம்பர் 25 ஜப்பானில் விடுமுறை நாள் கிடையாது. கடைவாசலில் கிறிஸ்துமஸ் மரம் நின்ற இடத்தில் மறுநாளே புத்தாண்டுக்கான பைன் கிளையும் மூங்கிலும் வந்துவிட்டன. நமக்கு விழாக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்று திருக்குடும்ப விழாவைக் கொண்டாடுகிறோம்.

நற்செய்தியில் என்ன கேட்டோம்? யோசேப்பு இரவோடு இரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். ஏரோது இறந்த பிறகு திரும்பி வருகிறார். நடுவில் அங்கே எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பற்றி மத்தேயு ஒன்றும் எழுதவில்லை. வீடு எந்தத் தெருவில் கிடைத்தது, வாடகைக்கு உத்தரவாதக் கையெழுத்து போட்டது யார், மரியா எந்தக் கடையில் மாவு வாங்கினார், வேலை கேட்டு யோசேப்பு யார் வீட்டு வாசலில் போய் நின்றார்? எதுவும் தெரியாது. எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்பது உலகத்தின் பெரிய வேத அறிஞர்களைவிட, ஊரைவிட்டு இங்கே வந்த உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நிஷிகசாய் பக்கம் வீடுகளைச் சந்திக்கப் போகும்போது நான் பார்க்கும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். சாயங்காலம், பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி வட்டார ஒலிபெருக்கியில் மெட்டு ஒலிக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் வருகிறான். ராந்தோசேரு என்ற பள்ளிப் பையை இறக்கி வைத்து, ஆசிரியை எழுதி அனுப்பிய குறிப்பேட்டை எடுத்து மேசையில் போடுகிறான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைப்பேசியை அதன் மேல் பிடிக்கிறார். மொழிபெயர்ப்புச் செயலி ஏதோ உளறுகிறது. “அம்மா, நாளைக்கு ஸோகின் ரெண்டு கொண்டு போகணும். தரை துடைக்கிற துணி. தைச்சிருக்கணும்.” “வேற என்னடா போட்டிருக்கு?” “அவ்ளோதாம்மா.” குறிப்பு நாலு வரி இருக்கிறது. அவ்வளவுதானா என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. பையன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் முத்திரையைக் குத்துகிறார்.

இந்த அம்மா ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எத்தனையோ பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவர். கணவரைச் சார்ந்து வரும் விசாவில் வந்ததால், தனியாக அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வார்டு ஆபீஸிலும் குழந்தை மருத்துவரிடமும் அவருக்காகப் பேசுவது அந்தப் பையன்தான். வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் அவனைத் திட்டிவிடுகிறார். அப்புறம் சமையலறையில் நின்று அழுகிறார்.

அன்பானவர்களே, நம் பிள்ளை நமக்கு வழிகாட்டும்போது நம் மனம் ஏன் இப்படிச் சுருங்குகிறது? நம்மைவிட அவன் நன்றாகப் பேச வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடம் அனுப்பினோம்?

நம் முத்துக்குளித்துறைக்கு மிகவும் வேண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்கள் சொல்லிக்கொடுத்தவர். அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, ககோஷிமாவில் வந்து இறங்கினார். இந்த மக்கள் நடுவில் பேச வாயில்லாமல் சிலைபோல் நிற்பதாகவும், சிறு பிள்ளைகளைப்போல மொழி கற்க வேண்டியிருப்பதாகவும் அவரே கடிதத்தில் எழுதினார். சவேரியாருக்கே அந்த நிலை என்றால் நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும்? யோசேப்பைப் பாருங்கள். நற்செய்தி முழுவதிலும் அவர் பேசியதாக ஒரு சொல் இல்லை. ஆனாலும் ஆண்டவர் தம் மகனை அவர் கையில்தான் ஒப்படைத்தார். எகிப்தில் தெருப்பிள்ளைகளோடு விளையாடி, அந்த ஊர்ப் பேச்சை முதலில் பிடித்துக்கொண்டது குழந்தை இயேசுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். மத்தேயு எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். மகன் சொல்லக் கேட்டு மரியா சிரித்திருப்பார் என்றும் நினைத்துக்கொள்கிறேன். தாயே, நீங்கள் தைத்துக்கொடுத்த அந்தத் துணியை அவன் பையில் வைத்துக்கொண்டு போகிறானே, அதில் அவனுக்கு அம்மா இருக்கிறாள்.

அப்பாமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கிப்போயிருக்கிறார்கள். அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. உங்களில் சிலர் நெஞ்சில் தூக்கிக்கொண்டு அலையும் பாரத்தை அறிவேன். அப்பா இறந்த செய்தி வந்தது. ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை. அங்கே மாலை நாலு மணிக்கு அடக்கம், இங்கே ஏழரை. சித்தப்பா மகன் கல்லறையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே மகன், பிள்ளைகள் பார்த்துவிடக்கூடாது என்று மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். “ஒரு பிடி மண் போட முடியலையே சாமி” என்று என்னிடம் சொல்லும்போது, அது நடந்து வருடங்கள் ஆகியிருந்தன.

அந்த மகனை ஆண்டவர் எந்தக் கணக்கில் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எகிப்தில் இருந்த நாள்களில் நாசரேத்தில் எத்தனை சாவு விழுந்திருக்கும், எத்தனை கல்யாணம் நடந்திருக்கும்! யோசேப்பு எதற்கும் போயிருக்க முடியாது. ஊரைவிட்டு வந்தவனின் இயலாமையை ஆண்டவர் தம் சொந்த வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறார். நம் இறந்தோரை இந்தப் பீடத்தில் நினைத்து ஒப்புக்கொடுக்கும்போது, இந்தத் திருப்பலிக்கும் அந்தக் கல்லறைக்கும் நடுவில் மூன்றரை மணி நேரம் கிடையாது. அந்த ஒரு பிடி மண்ணை இங்கே கொண்டுவந்து வையுங்கள். மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இனி, பலர் என்னிடம் சொல்லும் பெரிய குறைக்கு வருகிறேன். “ஃபாதர், பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்ல வரவில்லை. செபமாலையில் பாதியை முழுங்குகிறார்கள். நமக்குப் பிறகு விசுவாசம் இருக்குமா?” இந்த நாட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதால் இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. தாத்தா பாட்டி இல்லை, தெருமுனையில் கெபி இல்லை, ஊர்த் திருவிழாவின் கொடியேற்றம் யூடியூபில்தான்.

இந்த மண்ணே உங்களுக்குப் பதில் சொல்லும். 1614-ல் இந்த நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. குருக்கள் துரத்தப்பட்டார்கள், மறைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நாகசாகிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்த மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவானவர் முகத்தையே பார்க்கவில்லை. திருமுழுக்குக் கொடுக்க ஊரில் ஒருவர், திருநாள்களைக் கணக்கு வைக்க ஒருவர், அவ்வளவுதான். செபங்களை வாய்மொழியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். போர்த்துக்கீசியச் சொல்லும் லத்தீன் சொல்லும் வாய்க்கு வாய் தேய்ந்து, சொல்கிறவர்களுக்கே பொருள் புரியாமல் போனது. உங்கள் பிள்ளை முழுங்குவது ஒரு பாதி. அவர்கள் செபம் தலைமுறை தலைமுறையாகச் சிதைந்து வந்த செபம். ஆண்டவர் அதைத் திருத்திக்கொண்டா இருந்தார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதை வீரக்கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு புத்தாண்டின் தொடக்கத்திலும், இதோ இப்போது நாம் வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிற இதே பருவத்தில், நாகசாகியில் அதிகாரிகள் ஆண்டவரின் திருவுருவத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொருவராக வந்து மிதிக்கச் சொல்வார்கள். மிதிக்க மறுத்து மறைசாட்சியானவர்கள் உண்டு. அவர்களைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். மற்றவர்கள்? மிதித்தார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, வருடா வருடம் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மனத்துயர் மன்றாட்டைச் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இல்லாதபோது, உத்தம மனத்துயரோடு மன்றாடினால் இரக்கமுள்ள ஆண்டவர் மன்னிப்பார் என்று பழைய மறைபோதகர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வருடம் வரை வாழ்ந்தார்கள்.

பிறகு 1865. நாகசாகியில் குடியிருந்த வெளிநாட்டவருக்காக ஓவுராவில் ஒரு கோயில் எழுந்தது. ஆம், நம்மைப்போல் வந்து தங்கியவர்களுக்கான கோயில். அந்த மார்ச் 17 அன்று உரகாமி ஊரார் சிலர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். செபித்துக்கொண்டிருந்த பெத்திஜான் அடிகளார் பக்கத்தில் ஒரு பெண் வந்து, எங்கள் உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். மரியன்னையின் உருவம் எங்கே என்று கேட்டார். கையில் குழந்தையோடு நின்ற அன்னையைக் கண்டதும் அவர்களுக்கு உண்டான மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். யார் அவர்கள்? மிதித்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இரக்கம் அந்த வீடுகளை அத்தனை காலம் அணையாமல் காத்திருந்தது.

உங்களில் சிலர் பல மாதம் கழித்து இன்று வந்திருக்கிறீர்கள். கடைசி வரிசையில் நிற்பது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துப் பயிற்சி, வாரக்கடைசி வேலை, ரயிலில் ஒன்றரை மணி நேரம், குழந்தை அழுதால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சம். சிலருக்கு இதைவிடக் கனமான காரணம் இருக்கும், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் தெரியும். மறைந்து வாழ்ந்த அந்த மக்கள் ஆயுள் முழுக்க ஏங்கியும் கிடைக்காத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: திருப்பலி முடிந்ததும் ஒப்புரவு அருள்சாதனத்துக்காக நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை நாள் வரவில்லை என்று கணக்குக் கேட்க மாட்டேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ சொல்லலாம். சொல் வராவிட்டால் சும்மா வந்து உட்காருங்கள்.

இன்றைய விசுவாசிகள் மன்றாட்டை நம் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். இரண்டு தமிழில், மற்றவை ஜப்பானிய மொழியில். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்காக ஒன்று உண்டு. பெற்றோர் இருக்கையிலிருந்து யாரும் உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.