பாத்திரம் அறிந்த கருணை



கருணை இதயத்தில் பிறக்கிறது. ஆனால் விவேகத்தின் கையைப் பற்றியே அது நடக்கக் கற்கிறது. இவ்வுண்மையைச் சொற்பொழிவுகளில் நான் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. அதை எனக்கு உணர்த்தியதோ ஒரு முள்ளெலி.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டு இங்கிலாந்தில் ஓர் அன்பரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். அந்நாட்டில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரி செல்சியஸைக் கடந்த கோடை அது. புல்வெளிகள் வைக்கோல் நிறம் கொண்டிருந்தன. அந்தி சாய்ந்ததும் வேலியோரம் ஒரு முள்ளெலி வந்து தரையை முகர்ந்து அலையும். இது நம் முள்ளம்பன்றி அன்று. இரு கைகளுக்குள் அடங்கிவிடும் சிற்றுயிர். ஆபத்து நேர்ந்தால் முட்களைச் சிலிர்த்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

இரக்கம் மேலிட, ஒரு கிண்ணத்தில் பால் வைத்தேன். ஆவலோடு குடித்தது. மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தன. பூதயக்ஞம் இயற்றிவிட்ட நிறைவோடு உறங்கினேன்.

நான்காம் நாள் நண்பகலில் அது வெட்டவெளியில் அசையாது கிடந்தது. வெயில் காய்கிறது என்றே எண்ணினேன். அவ்வில்லத்து மூதாட்டியார் பதறிப்போனார். "சுவாமிஜி, இரவில் நடமாடும் உயிர் பகலில் இப்படிக் கிடந்தால் அது துன்பத்தில் இருக்கிறது" என்றார். தடித்த கையுறை அணிந்து அதை எடுத்து, துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, வனவிலங்கு மீட்பு மையம் ஒன்றுக்குத் தகவல் தந்தார். பிறகே பால் கிண்ணத்தைக் கண்டார். கடிந்துகொள்ளவில்லை. "முள்ளெலிக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு உண்டாகி, உடலில் எஞ்சியிருக்கும் நீரும் வற்றிவிடும். தண்ணீர் வைத்திருந்தால் போதும், சுவாமிஜி" என்றார்.

அன்றிரவே அது இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கோடை கொன்றதா, என் பால் கொன்றதா? எவரும் என்னைக் குற்றம் கூறவில்லை. ஆயினும் தியானத்தில் அமர்ந்தபோது உள்ளிருந்து ஒரே கேள்வி எழுந்தது: நீ கொடுத்தது அந்த உயிருக்கா, அல்லது உன் இரக்க உணர்வின் திருப்திக்கா?

கீதையின் 17-ஆம் அத்தியாயம் சாத்விக தானத்திற்கு இடம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் வகுக்கிறது. பாத்திரம் என்பதைப் பெறுபவரின் தகுதி என்றே நாம் பெரும்பாலும் கொள்கிறோம். பெறுபவரின் இயல்பையும் தேவையையும் அறிவதும் அதனுள் அடங்கும். பால் நமக்குப் புனிதம். அபிஷேகத்திற்கும் நைவேத்தியத்திற்கும் உரியது. ஆகவே அந்த உயிருக்கும் அது அமுதம் என்று கருதினேன். என் விருப்பத்தை அதன் தேவையாக எண்ணியது அகங்காரத்தின் நுட்பமான வடிவமே.

அம்மூதாட்டியாரின் சேவையில் மூன்றும் பொருந்தியிருந்தன. தோட்டத்தின் ஒரு மூலையில் நிழலும் சருகுக் குவியலும் விட்டிருந்தார்; முள்ளெலி இரவில் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்று இரை தேட, வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுர இடைவெளியும் அமைத்திருந்தார். இது இடம். கோடையில் மண் இறுகினால் மண்புழுக்கள் ஆழத்திற்குச் சென்றுவிடும். உணவும் நீரும் ஒருங்கே அரிதாகும். அப்போது அந்தியில் புதிய நீரும் சிறிது இறைச்சி கலந்த பூனை உணவும் வைப்பார். இது காலம். புலால் தொடாத எனக்கு அது கூச்சம் தந்தது. ஆனால் புழு பூச்சிகளை உண்பதே அவ்வுயிரின் ஸ்வதர்மம். குட்டியும் மூழ்காமல் பருகும்படி ஆழமற்ற தட்டில் அவர் நீர் வைத்தது, இருபொருளிலும் பாத்திரம் அறிந்த செயலன்றோ!

பிரிட்டனில் அழியும் அபாயத்திற்கு உள்ளாகக்கூடிய பாலூட்டிகளின் பட்டியலில் 2020-இல் முள்ளெலியும் இடம்பெற்றது. நம் நாட்டிலும் ராஜஸ்தான், குஜராத் வறள்நிலங்களிலும் தென்னகப் புதர்க்காடுகளிலும் முள்ளெலிகள் உண்டு. மருந்தாகும் என்று நம்பி அவற்றைப் பிடிப்போரும் உண்டு. நலமாகத் திரியும் முள்ளெலியைப் பிடிக்காமல், வீட்டிற்குக் கொணராமல், அதன் வாழிடத்திலேயே விட்டுவிடுவதே அங்கு நாம் செய்யத்தக்க சேவை.

அன்பர்களே, நோயுற்ற பெற்றோருக்கும், வளரும் பிள்ளைக்கும், வாசலில் நிற்கும் ஏழைக்கும் நாம் எத்தனை முறை பால் கிண்ணம் நீட்டியிருக்கிறோம்! கொடுக்குமுன் ஒரு கணம் நின்று, அவருக்கு வேண்டியது யாது என்று கேட்போம்.

மறுநாள் அந்தியில் ஆழமற்ற தட்டில் தண்ணீர் வைத்தேன். காலையில் நீர் சற்றுக் குறைந்திருந்தது. அருந்தியது யார் என்று அறியேன். அறியாதிருந்ததும் நல்லதாயிற்று, அன்றுதான் பலன் கருதாமல் கொடுத்தேன்.

எல்லா உயிர்களிலும் உறையும் இறைவன், நமக்குக் கனிந்த இதயத்தோடு தெளிந்த விவேகத்தையும் அருள்வானாக!