உப்புக் கேட்டு வராதவர்கள்



பிலிமத்தலாவைக் கடைவீதிக்கு அயல் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் பெரியவர் ஒருவர் என்னிடம் ஒரு நாள் கேட்டார்: “காசு வந்த நாளிலேருந்து லயத்துல ஒருத்தரும் எங்கிட்ட உப்புக் கேட்டு வர்றதில்ல. கடன் கேட்டுத்தான் வர்றாங்க. ஏன் சாமி?”

அவருக்கு வந்தது லொத்தர்ப் பரிசு அல்ல. ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்து, தொழில் கொடுப்போரும் தம் பங்கைச் சேர்த்து, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும் பணம். வியர்வையின் கூலிதான். ஆயினும் முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வங்கிப் புத்தகத்தில் ஏறும்போது, அயலார் கண்ணுக்கு மட்டுமல்ல, உரியவர் கண்ணுக்கும் அது அதிர்ஷ்டம் போலவே தோன்றுகிறது.

“காசைக் கண்டதும் உண்மை முகம் தெரிந்துவிட்டது” என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மகளின் படிப்புக்குக் கடன் கேட்பவன் நேற்றும் நண்பன்தான். அவன் தேவை நேற்றும் இருந்தது. அப்போது கேட்க இடமில்லை, இப்போது இருக்கிறது. இதை வேடம் கலைந்தது என்பது நியாயமா? (வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிகிறவர்களையும் அறிவேன். அது வேறு கதை.)

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் விசித்திரமான கேள்வி ஒன்றை எழுப்புகிறார். நண்பன் தெய்வமாகிவிட வேண்டுமென்று நாம் விரும்புவோமா? இடைவெளி மிகப் பெரிதானால் நட்பே இல்லாமற் போகுமே! செல்வத்தின் இடைவெளியையும் அவர் இதோடு சேர்த்தே பேசுகிறார். குருமடத்தில் இது எனக்கு வறண்ட தர்க்கமாகவே பட்டது. லயத்து வாசலில்தான் விளங்கிற்று.

அங்கே நட்பு பெரும்பாலும் கைமாற்றில் வாழ்கிறது. இன்று ஒரு சுண்டு அரிசி அங்கே போகிறது. சம்பளத்துக்கு முந்திய வாரம் ஒரு கோப்பை சீனி இங்கே வருகிறது. கணக்கு ஒருநாளும் முற்றாகத் தீர்வதில்லை. தீராததனால்தான் கதவு திறந்திருக்கிறது. கையில் பணமுள்ளவரோ நேரே கடைக்குப் போய்விடுகிறார். அவர் கேட்பதை நிறுத்தியதும், மற்றவர் கொடுக்கும் உரிமையை இழக்கிறார். கொடுக்க வழியில்லாத இடத்தில் உப்புக் கேட்கவும் கூச்சம் வருகிறது. பிறகு, வேறு வழியே இல்லாத நாளில் மட்டும், பெருந்தொகை கேட்டு, தலை குனிந்து வருகிறார். குனிந்த தலை மெல்ல வெறுக்கவும் தொடங்குகிறது.

ஆகவே யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிறகு பார்ப்போம் என்றேன். “அடுத்த வீட்டில் நீங்கள் கடைசியாக எதைக் கேட்டு வாங்கினீர்கள்?”

பெரியவர் வெகுநேரம் யோசித்தார். “காசு வந்த பெறகு நானாப் போயி ஒண்ணுங் கேட்டதில்ல, சாமி” என்றார்.