உடல் மாறிய வண்டியும் பொறுப்பின் தொடர்ச்சியும்

பழைய கார் ஒன்றின் உடற்கூட்டைக் கழற்றி நீக்கிவிட்டு, அதன் சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள், ஸ்டீயரிங் ஆகியவற்றின் மீது ஃபைபர்கிளாஸில் வார்த்த புதிய உடலைப் பொருத்தி, முற்றிலும் வேறு தோற்றமுடைய வண்டியொன்றை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடிக்கும் வழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேரூன்றியது. புதிய உடலும் அதைச் சார்ந்த பாகங்களும் ஒரே தொகுப்பாக விற்கப்படுவதால் இத்தகைய வண்டி கிட் கார் எனப்படுகிறது. தன் உறுப்புகளைத் தந்துவிட்டு உருவிழக்கும் பழைய வண்டி டோனர் கார் எனப்படுகிறது. கட்டி முடித்தபின் சாலையில் இறங்குவது பழைய வண்டியா புதிய வண்டியா என்ற கேள்வி, உறுப்புகளும் உருவும் மாறிய பிறகும் ஒரு பொருள் அதே பொருளாக நீடிக்கிறது என்று எதைக் கொண்டு சொல்வது என்னும் மிகப் பழைய தத்துவ வினாவிடம் நேரே கொண்டு சேர்க்கிறது. அந்த வினாவுக்குப் பலகையையும் இரும்பையும் எண்ணிப் பார்த்து விடை காண முடியாது. இந்தப் பொருளின் பேரில் யார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டிரயம்ஃப் ஹெரால்ட். கவன்ட்ரியைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃப் நிறுவனம், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உருவில் 1959இல் வெளியிட்ட இச்சிறு கார், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரிக்கப்பட்டதால் தமிழகச் சாலைகளுக்கும் அறிமுகமானது. உடலும் அடித்தளமும் ஒரே கூடாக அமைந்த மோனோகாக் என்னும் முறைக்கு மற்ற உற்பத்தியாளர்கள் மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்ட் தனி சேசிஸையே வைத்துக்கொண்டது. அதன் உடல் பல பகுதிகளாக போல்ட்டுகளால் முடுக்கப்பட்டது. எனவே உடலை முழுவதும் அகற்றினாலும் எஞ்சினும் சக்கரங்களும் ஸ்டீயரிங்கும் சேசிஸின் மேல் தத்தம் இடத்திலேயே நிற்கும். பிரிட்டனில் 1971இல் அதன் உற்பத்தி நின்றபின், கதவடி விளிம்புகளும் தரையும் துருவேறி மலிவாகக் கிடைத்த ஹெரால்டுகள் கிட் கார் கட்டுவோருக்கு உகந்த டோனர்களாயின. ஆயினும் ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. அவ்வண்டியின் அடையாள எண்ணைத் தாங்கிய தகடு எஞ்சின் அறையின் பின்சுவரில், அதாவது உடலில், பதிக்கப்பட்டிருந்தது. கட்டுபவர் உடலைக் கழற்றும்போது வண்டியின் பெயரும் அதோடு சேர்ந்து கழன்றுவிடுகிறது. எஞ்சி நிற்பது ஓடக்கூடிய, ஆனால் பெயர் எழுதப்படாத ஓர் இரும்பு அமைப்பு.

புதிய உடல் உருவாகும் முறையும் தத்துவத்துக்கு நெருக்கமானது. முதலில், வேண்டிய வடிவத்தின் தலைகீழான உட்குழிவாக ஓர் அச்சு செய்யப்படுகிறது. வார்ப்பு ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, வண்டியின் வெளித்தோலாக அமையவிருக்கும் ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சைப் பூசுகின்றனர். அது இறுகத் தொடங்கியதும் கண்ணாடி இழைப் பாய்களை அடுக்கி, கெட்டிப்படுத்தும் வேதிப்பொருள் கலந்த பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து, உள்ளே காற்றுக்குமிழி தங்காமல் உருளையால் அழுத்தி வெளியேற்றுகின்றனர். இறுகியபின் அச்சிலிருந்து பிரித்தெடுக்கப்படும் உடல், அச்சின் வெற்றிடம் எவ்வடிவில் இருந்ததோ அவ்வடிவில் வருகிறது. ஒரு பொருளை அப்பொருளாக்குவது அது செய்யப்பட்ட பருப்பொருளன்று, அதன் வடிவமே என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஆனால் அதே அச்சிலிருந்து நூறு உடல்கள் பிறக்கும். அவை வடிவால் ஒன்றாயிருந்தும் நூறு வெவ்வேறு வண்டிகளாகும். ஆகவே வடிவம் ஒரு வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, அது எந்த வண்டி என்பதைச் சொல்லாது.

பழைய உடல் வெறும் போர்வையாக மட்டும் இருந்ததென்று கருதுவதும் தவறு என்பதை மின்கம்பி இழுக்கும் கட்டம் உணர்த்துகிறது. எஃகு உடலுடைய காரில் பேட்டரியின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், விளக்குகளுக்குச் சென்ற மின்சாரம் உடலின் வழியாகவே திரும்பி வந்து சுற்றை நிறைவு செய்யும். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. பழைய கம்பித் தொகுதியைப் புதிய உடலில் அப்படியே பொருத்தினால் முகப்பு விளக்கும் எரியாது, ஹாரனும் ஒலிக்காது. ஒவ்வொன்றிலிருந்தும் தனியே எர்த் கம்பி இழுத்து சேசிஸோடு சேர்த்தாக வேண்டும். யார் கண்ணிலும் படாமல் அந்த உடல் செய்துவந்த பணி, அது இல்லாதபோதுதான் தெரிகிறது. உடலை ஆடையென்றும் ஆன்மாவை அதை மாற்றிக்கொள்பவரென்றும் விளக்கும் சமய மரபு ஆழமானதே. எனினும் உடல் எதையும் சுமப்பதில்லை என்று அதற்குப் பொருள் கொள்வோர் இந்த எர்த் கம்பிகளைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

மேலைத் தத்துவத்தில் இவ்வினா தீசியஸின் கப்பலாக அறியப்படுகிறது. ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்த அக்கப்பலில் உளுத்த பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டதையும், அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் வாதிட்டதையும் புளூட்டார்க் பதிவு செய்கிறார். நீக்கிய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்து வைத்து மீண்டும் ஒரு கப்பலைக் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று தாமஸ் ஹாப்ஸ் 17ஆம் நூற்றாண்டில் சிக்கலை மேலும் முறுக்கினார். கிட் காருக்கு ஹாப்ஸின் கேள்வி வெறும் கற்பனையன்று, ஏனெனில் கழற்றிய ஹெரால்ட் உடலை எண் தகட்டோடு இன்னொருவர் வாங்கி வேறொரு சேசிஸில் ஏற்றினால், ஒரே வண்டியின் வாரிசென்று உரிமை கோரத்தக்க இரு வண்டிகள் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிடும்.

இந்திய மரபில் இவ்விவாதம் தொடக்கத்திலிருந்தே ஒரு வண்டியை வைத்து நடந்தது என்பது சிறப்பு. பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில், மிலிந்தன் என்னும் யவன மன்னனிடம் நாகசேனர் என்னும் துறவி, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, இவையனைத்தின் தொகுதி தேரா, இவற்றுக்கு அப்பால் வேறேதும் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் இல்லையென்றே பதில் பெற்று, உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு மன்னனைக் கொண்டுவருகிறார். நியாய-வைசேடிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கியும் அவற்றின் வேறாயும் இருக்கும் முழுப்பொருள் ஒன்று உண்டென்றும், அதுவே அவயவி என்றும் அவர்கள் நிறுவினர். உறுப்புகளின் சேர்க்கை குலைந்தால் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுகிறது என்பதும் அவர்களது கொள்கை. அவர்கள் கணக்கில் உடலைக் கழற்றிய கணமே ஹெரால்ட் மாண்டது; நாகசேனர் கணக்கில், தனியே மாள்வதற்கு ஹெரால்ட் என்ற ஒன்று அங்கே என்றுமே இருந்ததில்லை. இரண்டு விடைகளும் தர்க்கத்தால் உறுதியானவை, ஆனால் கொட்டகையில் ஸ்பானரோடு நிற்பவருக்கு இரண்டும் போதா.

போதுமானதை நாகசேனரே அந்நூலின் வேறோர் இடத்தில் தருகிறார், அது தேர் உவமையைப் போலப் பரவலாகப் பேசப்படாதது வருந்தத்தக்கது. மாம்பழம் திருடியவன் ஒருவன், தோட்டக்காரன் நட்ட மாங்கனி வேறு, நான் பறித்த மாங்கனி வேறு, ஆகவே நான் குற்றவாளியல்லன் என்று வாதிட்டால் மன்னன் விடுவிப்பானா என்று அவர் கேட்கிறார். விடுவிக்க மாட்டேன், பறித்த கனி நட்ட கனியைச் சார்ந்தே வந்தது என்கிறான் மிலிந்தன். மறுபிறவியில் வினைப்பயன் எவ்வாறு தொடர்கிறது என்பதை விளக்க வந்த உவமை இது. முன்னதும் பின்னதும் ஒன்றேயென்று சொல்ல முடியாத இடத்திலும், பின்னது முன்னதிலிருந்து வந்ததென்றால் அதன் பொறுப்பு அற்றுப்போவதில்லை. நிலைத்த ஆன்மாவை மறுக்கும் சமயமே பொறுப்பை இத்தனை உறுதியாகப் பிடித்துக்கொண்டது என்பது, ஒருமையை முதலில் நிறுவினால்தான் பொறுப்பை நிறுவ முடியும் என்ற எண்ணத்தைத் தகர்க்கிறது.

பிரிட்டனின் வாகனப் பதிவு ஆணையமான டிவிஎல்ஏ, பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளுக்கு நெடுங்காலம் கையாண்ட புள்ளிமுறையை இவ்வெளிச்சத்தில் படிக்கலாம். மாற்றப்படாத மூல சேசிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. சேசிஸின் 5 புள்ளியையும் உள்ளடக்கிக் குறைந்தது 8 புள்ளி பெற்றால் வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள முடிந்தது; பெறாவிட்டால் தனிப்பரிசோதனைக்கு உட்பட்டு, வயதும் அடையாளமும் ஐயத்துக்குரியவை என்பதைக் காட்டும் 'க்யூ' எழுத்துப் பதிவெண்ணை ஏற்க வேண்டியிருந்தது. எஞ்சினே வண்டியின் உயிர் என்று ஓட்டுநர் உலகம் நம்பியிருக்க, அட்டவணை அதற்கு மிகக் குறைந்த மதிப்பை அளித்ததும், வெளித்தோற்றத்துக்கு எதுவுமே அளிக்காததும் எண்ணத்தக்கவை. எஞ்சினை மாற்றுவது பழுதுபார்ப்பின் பகுதி. விபத்தில் பயணியைக் காப்பதும் கைவிடுவதும் சேசிஸின் உறுதி. ஆகவே சேசிஸை அறுத்தவர் தம் கைவேலைக்குப் புதிதாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அம்முறையின் உட்கிடை. கலிஃபோர்னியாவில் படகு கட்டும் தொழிலில் ஃபைபர்கிளாஸைப் பயின்ற புரூஸ் மேயர்ஸ் 1964இல் உருவாக்கிய மேயர்ஸ் மான்க்ஸ் என்னும் மணற்கார், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தை ஓரடிக்கும் மேல் அறுத்துக் குறுக்கி, மீண்டும் வெல்டிங் செய்து கட்டப்படுவது; ஹெரால்டின் சேசிஸை அறுக்காமல் அதன் மேல் உடலைப் பொருத்திய வண்டியோடு ஒப்பிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு புதியவை, இந்த அட்டவணைக்கோ ஒன்று பழையது, மற்றொன்று அறியப்படாதது.

தமிழ்ச் சைவ மரபில் திருமூலர் வரலாறு இச்சிந்தனையை வேறொரு திசையிலிருந்து தொடுகிறது. சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதைக் கண்டு இரங்கிய சிவயோகியார், தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவனுடலில் புகுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவ்வாறு திருமூலராக எழுந்தவர் முதலில் செய்தது பசுக்களை மேய்த்து மாலையில் அவற்றின் வீடுகளுக்குத் திரும்பச் செலுத்தியதே. கணவனென்று நெருங்கிய மூலனின் மனைவியை மட்டும் தமக்கும் அவளுக்கும் தொடர்பில்லையென்று விலக்கினார். மூலனின் கடமைகளுள் ஒன்று ஏற்கப்பட்டது, ஒன்று மறுக்கப்பட்டது. எவர் உடல், எவர் உயிர் என்ற கணக்கால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. பசுக்களின் துயரே அவரை அவ்வுடலுக்குள் அழைத்தது. அதனால் பசுக்களுக்கு அவர் கடன்பட்டிருந்தார். அப்பெண்ணின் நிலை இம்மரபில் போதிய அளவு சிந்திக்கப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் அவள் கண்முன் நின்றது அவள் கணவனின் உடலே.

கடன் என்ற இந்நோக்கில் பார்த்தால், கிட் கார் கட்டுபவரின் பொறுப்பு புதிய வண்டியோடு முடிவதில்லை, டோனர் காரையும் அது தொடுகிறது. 1970களில் துருவேறிய ஹெரால்டை வாங்கிப் பிரித்தவர், உடைப்பவரிடம் போகவிருந்த சேசிஸுக்கு மேலும் சில பத்தாண்டு ஆயுளைத் தந்தார். இன்றோ ஹெரால்டே போற்றிக் காக்கப்படும் பழைமைச் சின்னமாகிவிட்டது. சீரான உடலோடு நிற்கும் ஒன்றை இன்னொரு காரின் சாயலுக்காகப் பிரிப்பது, முன்னவர் செய்ததன் தொடர்ச்சியன்று, அதற்கு எதிரான செயல். உடல் மீட்க முடியாதவாறு துருவேறிய வண்டியையே தேர்வதும், கழற்றியவற்றுள் பழுதற்ற கதவுகளையும் முன்புறம் சாய்ந்து திறக்கும் அந்த நீண்ட பானெட்டையும் வேறொரு ஹெரால்டைச் சீரமைப்பவருக்குக் கொடுப்பதும், எண் தகட்டைப் பழைய உடலோடு விற்றுவிடாமல் சேசிஸோடு வைத்துக்கொள்வதும், உடல்வகை மாறியதைப் பதிவு ஆவணத்தில் உள்ளவாறே எழுதச் செய்வதும் அக்கடனின் பகுதிகள்.