சாட்சி சொல்லும் உரிமை யாருக்கு?

கொடுத்தவனே தன் கொடையின் பயனுக்குச் சாட்சி சொல்லலாமா? தனிமனித வாழ்வில் இதற்கு விடை எளிது, கூடாது என்போம். ஆனால், அரசு ஏழைகளுக்கெனத் திட்டம் தீட்டிப் பொதுப்பணத்தைச் செலவிடும்போது, பயனை அளந்து சொல்பவர் பெரும்பாலும் அவ்வரசின் அலுவலரே. இல்லையேல், கடன் கொடுத்தோர் அனுப்பும் அயல்நாட்டு வல்லுநர். இவ்விருவரையன்றி வேறு சாட்சி இல்லையா என்பதே வளரும் நாடுகளின் முன் நிற்கும் அறவினாவாகும்.

மெக்சிகோ நாட்டின் அனுபவம் இங்குச் சிந்திக்கத்தக்கது. 1997இல் அங்கு ‘புரோகிரேசா’ என்னும் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் குடும்பத்தாரை மருத்துவ நிலையத்துக்கும் தவறாது அனுப்பும் ஏழைத் தாய்மாரின் கையில் அரசு பணம் வழங்கிற்று. ஆய்வுக்கெனத் தேர்ந்த 506 சிற்றூர்களில் 320 ஊர்கள் முதலில் உதவி பெற்றன; 186 ஊர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருந்தன. முந்துவது எது, பிந்துவது எது என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது. இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, உதவி பெற்ற ஊர்களில் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், மிகுந்திருந்தமை தெளிவாயிற்று. 2000இல் ஆட்சி மாறிய பின்னும் திட்டம் நிலைத்ததற்கு இச்சான்று பெருந்துணையாக நின்றது.

காத்திருந்த அந்த 186 ஊர்களை எண்ணிப் பாருங்கள். அண்டை ஊர்த் தாய் பணம் பெற, அவர்கள் பெறாதிருந்தனர். அவ்வறிவுக்கு விலை கொடுத்தவர் அவர்களே. எனவே அது அவர்களுக்குரிய அமானிதம். அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டோரிடமே அது தங்க வேண்டும். முதல் ஆய்வை வாஷிங்டன் நகரத்து நிறுவனமொன்று திறம்படவே நடத்திற்று. ஆயினும், ஒப்பந்தம் முடிந்தால் வந்தவர் சென்றுவிடுவர். அவர் ஈட்டிய அனுபவமும் உடன் செல்லும். பின்னர் மெக்சிகோவின் பொதுச் சுகாதார நிறுவனமும் மானிடவியல் ஆய்வு நிறுவனமும் அப்பொறுப்பை ஏற்றன. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, ‘கொனெவால்’ என்னும் மதிப்பீட்டு மன்றம் 2005இல் தோன்றியது.

உள்நாட்டார் ஆட்சிக்கு அஞ்சுவர். அயலாரே நடுநிலையாளர் என்பர் சிலர். அச்சம் மெய்தான். நிதிக் குறைப்பை வெளிப்படையாகக் குறைகூறிய கொனெவாலின் தலைவர் 2019இல் பதவி நீக்கப்பட்டார். 2025இல் மன்றமே கலைக்கப்பட்டு, அதன் பணிகள் தேசியப் புள்ளியியல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. எனினும், அடுத்த ஒப்பந்தத்தை எதிர்நோக்கும் அயலார்க்கு மட்டும் அச்சம் இல்லையா? ஆள் மாற்றம் அச்சத்துக்கு மருந்தாகாது. உண்மை சொல்வோர்க்கு அரணமைப்பதே மருந்து.

நம் நாட்டில் 1952இல், சமுதாய வளர்ச்சித் திட்டம் பிறந்த அதே ஆண்டில், திட்ட மதிப்பீட்டு அமைப்பும் பிறந்தது. திட்டக்குழுவின் நிழலில் வாழ்ந்த அது, 2015இல் நிதி ஆயோக்கின் கீழ் உருவான அலுவலகத்தில் இணைந்தது. தீட்டுவோரும் அளப்போரும் இன்றும் ஒரே கூரையின் கீழ்தான்.

ஆய்வுத் திறனை வளர்ப்பதென்பது சிலருக்குப் புள்ளியியல் கற்பிப்பதோடு முடிவதன்று. கசப்பான முடிவை வெளியிட்டவரின் பதவியும் ஊதியமும் மறுநாளும் நிலைக்குமா என்பதே அதன் உரைகல். நம் பிள்ளைகள் பொருளியலும் புள்ளியியலும் பயில ஆர்வமூட்டுவோம். அவர்கள் அளந்து சொல்லும் உண்மை நமக்குப் பிடித்த திட்டத்துக்கே எதிராயினும், அவர்கள் பக்கம் நிற்கும் மனத்தையும் வளர்த்துக்கொள்வோம்.